களக்காடு குடும்பத்தின் இடது கால்

அனுப்புநர்:
களக்காடு ரா. வானமாமலை,
தலைமைப் பதிவேட்டுக் குமாஸ்தா (தற்சமயம் நோயாளி),
ஆண்கள் வார்டு, மூன்றாம் மாடி, கட்டில் எண் 9.

பெறுநர்:
ம-ள-ள-ஸ்ரீ சந்திரமௌலி அவர்கள்,
கௌரவ மேற்பார்வையாளர்,
மேக்ஜி விருத்திசந்த் தர்ம ஆஸ்பத்திரி,
பம்பாய்.

பொருள்: அவசர எக்ஸ்ரே பிரிவில் இருவருடைய கால்களின் படங்கள் மாறிப்போனது, ரத்தக்கட்டு இல்லாத என்னைக் கட்டிலில் கட்டிப் போட்டும், ரத்தக்கட்டு உள்ள கரீம் பாட்சாவை மாடிப்படி ஏறவிட்டும் வைத்திருப்பது, இன்று மாலை நான்கு மணிக்குள் உத்தரவு வேண்டுதல்.

பார்வை: எனது ஆங்கில மனுக்கள் மூன்று (12-7-44, 15-7-44, 18-7-44) மற்றும் அவற்றுக்கு வந்த பதில்கள் மூன்று.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் தமிழில் எழுதும் முதல் மனு இது. ஆங்கிலத்தில் எழுதிய மூன்றையும் தங்கள் பதிவுக் குமாஸ்தாவே பிரித்துப் படித்து, பதிலும் அவரே எழுதி, 'மேற்பார்வையாளருக்காக' என்று அடியில் ஒரு சுழி சுழித்து அனுப்பிவிட்டார். தமிழ் அவருக்கு வாசிக்க வராது. ஆகையால் இந்தக் காகிதம் தங்கள் கைக்கு வந்தே தீர வேண்டும் என்பது என் எண்ணம். மேலும், இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இரண்டு குற்றங்கள் உள்ளன. அவற்றை மூன்று ஆங்கில மனுக்களிலும் மறைத்தேன்.

2. சென்ற 10-7-44 திங்கட்கிழமை காலை என் இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கருநீலமாக இருந்தது. ஆபீஸ் டாக்டர் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று விக்டோரியா குதிரை வண்டியில் ஏற்றித் தங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கட்டியிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவான் என்ற விவரத்தையும் வழித்துணையாகச் சொல்லி அனுப்பினார். மாட்டுங்காவிலிருந்து இங்கு வந்து சேரும்வரை நான் இருமக்கூட இல்லை.

3. அவசரப் பிரிவு பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் கரீம் பாட்சா என்பவர் அதே இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது முப்பத்திரண்டு. தாராவியில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் ஊறிய தோலைப் புரட்டுகிறவர். மே மாதம் தோல்கட்டு ஒன்று சரிந்து விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்து, ஐந்து வாரம் மாவுக்கட்டில் கிடந்து, கட்டைப் பிரித்த மறுவாரமே கால் வீங்கி வந்திருந்தார். நான் ராஜலக்ஷ்மியிடம் (என் மனைவி) தண்ணீர் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சாமிக்கு நம்ம பக்கமால்லா இருக்கு! நானும் களக்காடுதான். பள்ளிவாசத் தெரு." ஊரில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. பம்பாய் பெஞ்சில் உட்கார்ந்ததும் இருவருக்கும் வாய் ஓயவில்லை.

4. இனி முதல் குற்றம். அனுமதி பாரத்தில் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் பதிவுக் குமாஸ்தா பாரத்தை வாங்குவதில்லை. வேறு வழியில்லாமல் நம்மவர்கள் எல்லோரும் செய்வதுபோல ஊர்ப் பெயரை எழுதினேன். கரீம் பாட்சாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாரம் பூர்த்தி செய்வதில் எனக்கு உள்ள பெருமை தங்களுக்கு எப்படித் தெரியப்போகிறது! கேட்காமலே அவர் கையிலிருந்து பாரத்தை வாங்கி, அவருடைய குடும்பப் பெயர்க் கட்டத்திலும் அழகான எழுத்தில் களக்காடு என்று எழுதிக் கொடுத்தேன். பதிவுக் குமாஸ்தா இரண்டு பாரங்களையும் பார்த்து, "தோனோ பாயி ஹை" என்று சொல்லி, அதாவது இருவரும் சகோதரர்கள் என்று தீர்மானித்து, ஒரே உறைக்குள் வைத்துவிட்டார். நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும். காலில் உள்ள துண்டு பெயர்ந்துவிடுமோ என்ற பயத்தில் உரக்கப் பேசவில்லை.

5. பிறகு இருவரையும் அடுத்தடுத்துப் படம் பிடித்தார்கள். எக்ஸ்ரே டாக்டர் கெட்டிக்காரர்; அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. காலில் ரப்பர் கட்டி, பாதத்து நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, அது மேலே ஓடும்போதே படம் எடுத்தார். மருந்து போகும் வழி பிலிமில் வெள்ளையாகத் தெரியும். ரத்தம் எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே கோடு நின்றுவிடும் என்று விளக்கியும் சொன்னார். நனைந்த பிலிம்கள் இரண்டையும் கயிற்றில் கிளிப் போட்டுக் காயவிட்டார்கள். ஒன்றில் கோடு தொடைவரை போயிற்று. மற்றொன்றில் கெண்டைக்காலோடு நின்றுபோயிற்று. இரண்டு கிளிப்பிலும் தொங்கிய சீட்டில் எழுதியிருந்தது ஒன்றுதான்: களக்காடு, இடது கால்.

6. எந்தப் படம் எந்தக் களக்காட்டினுடையது என்று பதிவுக் குமாஸ்தா கேட்பதற்குள் எக்ஸ்ரே டாக்டர் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் ராணுவ சேவைக்கு என்று பூனா ரயிலும் ஏறிவிட்டார். ஆகவே குமாஸ்தா தம் சொந்தப் புத்தியை உபயோகித்தார். இருவரில் மூத்தவர் நான் என்பதால் மோசமான படத்தை எனக்கு ஒதுக்கினார். குடும்பத்தில் எதுவும் முதலில் மூத்தவருக்குத்தானே என்பது அவர் நியாயம். எனக்குக் கட்டில் கொடுத்து, எழுந்திருக்கக் கூடாதென்று இடுப்பில் வார் போட்டார்கள். கரீம் பாட்சாவுக்கு 'வேலை செய்யத் தகுதியுள்ளவர்' என்று முத்திரை குத்திய சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

7. இரண்டாவது குற்றம், என் கால் வீங்கிய காரணம். எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்த துரை, குமாஸ்தாக்கள் பூட்ஸும் காலுறையும் அணிந்தே வர வேண்டும் என்று சர்க்குலர் போட்டார். என் இடது காலுறை மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. தஸ்தாவேஜு கட்டும் நாடாவை எடுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். என் செக்ஷனில் நான் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்து நாள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அந்தக் கால் கட்டுண்டு கிடந்தது. ஆபீஸ் நாடாவைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்ததற்காக இரண்டு ஜூனியர்களுக்கு நானே மெமோ கொடுத்திருக்கிறேன். அந்த வெட்கத்தில் டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். கட்டிலில் படுத்த மறுநாளே வீக்கம் வடிந்துவிட்டது. இன்று என் இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நோயாளி என்று யாராலும் சொல்ல முடியாது.

8. வார்டு டாக்டர் என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மாணவர்களுக்குக் காட்டியபோது நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ரத்தக்கட்டுக்குச் சற்றுக் கீழே, எலும்பில், சமீபத்தில் முறிந்து ஒட்டிய தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஐயா, என் எலும்பு எதுவும் எந்தக் காலத்திலும் முறிந்ததில்லை. நான் சைக்கிள்கூட ஏறியதில்லை. அதைச் சொன்னேன். சிறு வயதில் விழுந்திருப்பாய், மறந்திருப்பாய் என்றார் டாக்டர். இரண்டாவது படத்தையும் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும் என்றேன். விசாரித்ததில், ஒரே குடும்பத்தின் ஒரே காலுக்கு இரண்டு படம் தேவையில்லை, மறுபிரதி என்று முடிவு செய்து, அதைச் சோடாவில் போட்டுக் கழுவிவிட்டார்களாம். பளிங்குபோல வந்த அந்தப் பிலிமைப் பதிவு அறைச் சுவர்க் கடிகாரத்தின் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்தியிருக்கிறார்கள். என் காலின் வழியாகத் தங்கள் ஊழியர்கள் தினமும் மணி பார்க்கிறார்கள்.

9. முதல் மனுவில் எனக்கு நோய் இல்லை, வீக்கமே வடிந்துவிட்டது என்று எழுதினேன். வீக்கம் வடிந்ததே சிகிச்சையின் வெற்றி, ஆகவே நோய் இருந்தது நிரூபணமாகிறது, வாழ்த்துக்கள் என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவில் இருவரையும் மறுபடி படம் பிடிக்கக் கேட்டேன். யுத்த காலத்தில் பிலிம் தட்டுப்பாடு. ரேஷன் கார்டைப் போலவே இங்கும் கணக்குக் குடும்பத்துக்குத்தான். களக்காடு குடும்பத்துக்கு இந்த மாதப் பங்கு முடிந்தது. இரு வேறு குடும்பம் என்றால் சகோதரர் அல்ல என்பதற்கு ஊர் அதிகாரியின் சான்றிதழ் கொண்டுவரவும் என்று பதில் வந்தது. ராஜலக்ஷ்மி மூலம் களக்காடு கிராம முன்சீபுக்குத் தந்தி கொடுத்தேன். உறவு இல்லை என்று சான்று தர வேண்டுமானால் இருவரும் நேரில் வந்து எதிரில் நிற்க வேண்டும் என்று அவர் பதில் தந்தி கொடுத்தார். ஒருவர் வாரில் கட்டுண்டு கிடக்க, மற்றவர் நடக்கவே கூடாத நிலையில் இருக்க, நாங்கள் எப்படி ரயிலேறித் திருநெல்வேலி போவது?

10. மூன்றாவது மனுவில், என் தகப்பனார் ராகவாச்சாரி, கரீம் பாட்சாவின் தகப்பனார் முகம்மது மீரான், இது தங்கள் பாரத்திலேயே உள்ளது, இவர்கள் எப்படி ஒருவராக முடியும் என்று கேட்டேன். பதிவுக் குமாஸ்தா இதற்கு எழுதிய குறிப்பை நான் திரும்ப எழுதக் கை கூசுகிறது. தாயார் ஒருவராக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அவர் வார்டுக்கு வந்த சமயம் நேரில் கேட்டபோது, "மதராஸி லோக்கா ஐசாயிச் ஹோத்தா ஹை," மதராஸிகள் விஷயம் இப்படித்தான் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்கு வைத்த சாப்பாட்டை நான் தொடவில்லை. கோபத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. உறையவில்லை என்பதற்கு அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

11. அது உறையவும் முடியாது. ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் ஹெபாரின் என்ற சீமை மருந்தைத் தினமும் எனக்கு ஏற்றுகிறார்கள். கப்பல் வந்தால்தான் மருந்து என்று நர்ஸம்மா சொல்கிறார். களக்காடு குடும்பத்துக்கு ஒதுக்கியது பதினாறு குப்பி. நாளுக்கு ஒன்றாகப் பத்து என் உடம்பில் போய்விட்டது. மீதி ஆறு. க்ஷவரம் செய்யும்போது தாடையில் பட்ட ஒரு கீறல் அரை மணி நேரம் நிற்காமல் ஒழுகியதில் நாவிதர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அது எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு ஊசியின்போதும் இது இன்னொருவனுடையது, இன்னொருவனுடையது என்று மனசுக்குள் அடித்துக்கொள்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

12. ஏனென்றால் அந்த இன்னொருவர் தினமும் என்னைப் பார்க்க வருகிறார். ஊர்க்கார சாமி சாகக் கிடக்கிறார் என்று நம்பி, கிடங்கில் வேலை முடிந்ததும் தாராவியிலிருந்து மழையில் நடந்தே வருகிறார். லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்பதால், அறுபத்தாறு படிகளையும் அந்த வீங்கிய காலோடு ஏறி நான்கு மணிக்கு என் கட்டிலருகே வந்து நிற்கிறார். கையில் சாத்துக்குடி. உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. ரத்தக்கட்டு உனக்குத்தான், படி ஏறாதே என்று நான்கு நாளாகக் கத்துகிறேன். நோயின் முற்றலில் சாமி பிதற்றுகிறார் என்று நினைத்து, மறுநாள் இன்னும் இரண்டு சாத்துக்குடி கூடுதலாகக் கொண்டுவருகிறார். கட்டாயப்படுத்திக் கேட்டபோது அவர் சொன்னது: "எனக்கு ஒண்ணுமில்ல சாமி. முத்திரை போட்ட காயிதம் குடுத்திருக்காவ. காயிதம் பொய் சொல்லுமா? நீங்க மனசப் போட்டு ஒலப்பாதீய."

ஐயா, வாழ்நாள் முழுவதும் முத்திரை போட்ட காகிதத்தை மற்றவர்கள் நம்பவேண்டும் என்று வற்புறுத்தியவன் நான்.

13. நேற்று வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. விலாவில் குத்துகிறது, வாயுவாக இருக்கும் என்று மடியிலிருந்து ஓமம் எடுத்து மென்றார். ஆபீஸ் டாக்டர் எனக்குச் சொல்லி அனுப்பிய விவரம் நினைவுக்கு வந்தது. வார்டு டாக்டரைக் கூவி அழைத்தேன். பார்வையாளர்களுக்கு வைத்தியம் பார்க்க விதியில் இடமில்லை என்றார். புதிதாக அனுமதி எழுதலாமா என்றால், தகுதிச் சீட்டு பெற்றவரை முப்பது நாளைக்கு அனுமதிக்க முடியாது என்றார். நான் வாரைப் பிடித்து இழுத்த இழுப்பில் கட்டில் ஒரு முழம் நகர்ந்தது. அதற்காக என் அட்டையில் 'கலவரப் போக்கு' என்று எழுதியிருக்கிறார்கள்.

14. கரீம் பாட்சா போன பிறகு ராஜலக்ஷ்மி என் தலைமாட்டில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி விதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இருபத்தோராவது விதியில் என்னை நிறுத்தினாள். ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய கட்டிலையும் ஊசி மருந்தையும், குடும்பத்தில் மூத்தவர் எழுதிக் கொடுத்தால், அதே குடும்பத்தில் இளையவருக்கு மாற்றித் தரலாம்; தகுதிச் சீட்டு அதற்குத் தடையில்லை. அடியில் தங்கள் கையெழுத்து. அவள் சொன்னது இது: "பத்து நாளா இல்லை இல்லைன்னு எழுதிண்டிருக்கேளே, என்னத்தைக் கண்டேள்? ஆமா, அவன் என் தம்பிதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கோளேன். அவாளே சொல்றதைத்தானே சொல்லச் சொல்றேன்."

இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு பொய்க் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை என்றேன். அதற்கு அவள், "அன்னிக்கு அந்தக் கட்டத்துல எழுதினேளே, அது யார் கையெழுத்தாம்?" என்றாள். இரவு முழுவதும் யோசித்தேன்.

15. ஆகவே கடவுளைச் சாட்சியாக வைத்து இதன் மூலம் பிரமாணம் செய்வது: தாராவியில் வசிக்கும் களக்காடு கரீம் பாட்சா என் உடன்பிறந்த தம்பி. அவர் தம்பி அல்ல என்று 12, 15, 18 ஆகிய தேதிகளில் நான் எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் தாயாரைப் பற்றிப் பதிவுக் குமாஸ்தா எழுதிய குறிப்புக்கும் இனி ஆட்சேபம் இல்லை. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் கட்டில் எண் 9, அதன் வார், மீதியுள்ள ஆறு குப்பி ஹெபாரின், என் பெயரில் உள்ள எக்ஸ்ரே படம் ஆகிய எல்லாவற்றையும் என் தம்பிக்குப் பூரண சம்மதத்துடன் மாற்றிக் கொடுக்கிறேன். இந்தப் பிரமாணம் பொய் என்று பின்னால் யாராவது நிரூபித்தால், அதற்கான தண்டனையை எந்தக் கோர்ட்டிலும் நின்று ஏற்கச் சித்தமாக இருக்கிறேன். நிற்க என் கால் நன்றாகவே இருக்கிறது.

16. இன்றும் அவர் நான்கு மணிக்கு வருவார். வார்டு சிப்பந்தி பூலோகம் நம் தமிழர். வாசலில் ஸ்டூல் போட்டு அவரை உட்காரவைத்துப் படியேறவிடாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் கரீம் பாட்சா ஒரு இடத்தில் அடங்கி உட்காருகிற ஆள் இல்லை. மேலே சாமி தனியாகக் கிடக்கிறாரே என்று எழுந்துவிடுவார். தாங்கள் அதற்குள் கீழ்க்கண்ட உத்தரவில் மட்டும் கையெழுத்திட வேண்டும்: லிப்டைக் கீழே இறக்குவது, அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து மேலே கொண்டுவருவது, ஒரு படிகூட ஏறவிடாதிருப்பது. விசாரணை, விளக்கம், என்மேல் நடவடிக்கை எல்லாம் சாவகாசமாக நாளைக்கு நடக்கட்டும். இந்த மனுவைக் கொண்டுவரும் என் மனைவி, தங்கள் கையெழுத்து வாங்காமல் தங்கள் அறையை விட்டு நகரமாட்டாள் என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எழுதிய ஒரு வார்த்தையால் ஒரு மனிதன் போய்விடக் கூடாது. தயவுசெய்யுங்கள்.

இடம்: பம்பாய்
தேதி: 20-7-1944, பிற்பகல் 2.40

இங்ஙனம்,
களக்காடு ரா. வானமாமலை
(நோயாளி கரீம் பாட்சாவின் அண்ணன்)

சாட்சி:
ராஜலக்ஷ்மி
(மேற்படி கரீம் பாட்சாவின் மன்னி)